யூதர்களின் நாடும் பாலஸ்தீனர்களின் மண்ணும்: இடதுசாரிகள் எங்கே நின்றார்கள்?

வடகரையான் எழுதியது:

தோழர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் பாலஸ்தீனம் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறோம். அதன் முதல் பத்தியில், "உலக இடதுசாரிகள் தொடக்கம் முதலே பாலஸ்தீன மக்களின் பக்கம் நின்றவர்கள்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவன் நான்தான். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு, "அப்படியானால் 1947-இல் சோவியத் ஒன்றியம் எதற்காகப் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று இரண்டாக்கும் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்தது?" என்று கேட்டாள். கூடியிருந்த எங்களில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. அன்றே அந்த வரியை அடித்துவிட்டேன். அதன் இடத்தில் என்ன எழுதுவது என்பதை உங்களோடு பேசித் தெளிவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்தவற்றை முதலில் வைக்கிறேன். 1947 மே 14 அன்று ஐ.நா. பொதுச் சபையில் பேசிய சோவியத் பிரதிநிதி ஆந்திரே குரோமிகோ, ஐரோப்பிய யூதர்கள் பட்ட துன்பத்தை விரிவாக எடுத்துரைத்தார். மேற்கு ஐரோப்பிய அரசுகளால் அவர்களைக் காக்க இயலவில்லை என்றார். அரபுகளும் யூதர்களும் சமவுரிமையோடு வாழும் ஒரே நாடு அமைவது நல்லது, அதற்கு வழியில்லை என்றால் இரண்டாகப் பிரிப்பதையும் பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பிரிவினைத் தீர்மானம் 33 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் விழ நிறைவேறியது. பத்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. சோவியத் ஒன்றியமும் அதனோடு சேர்ந்த உக்ரைன், பைலோருஷ்யா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியாவும் ஆதரித்தன. யூகோஸ்லாவியா ஒதுங்கி நின்றது. ஐ.நா.வின் சிறப்புக் குழுவில் ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவற்றோடு சேர்ந்து கூட்டாட்சி அமைப்பை முன்மொழிந்திருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த, நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே உடைமையாகக் கொண்டிருந்த யூதச் சமூகத்துக்கு, நாட்டின் 55 விழுக்காட்டுப் பரப்பை அந்தத் தீர்மானம் ஒதுக்கியது.

வாக்கோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கா ஆயுதத் தடை விதித்திருந்த நேரத்தில், மாஸ்கோவின் இசைவோடு செக்கோஸ்லோவாக்கியா துப்பாக்கிகளையும் போர் விமானங்களையும் இஸ்ரேலுக்கு விற்றது. 1948 மே 29 அன்று இஸ்தூத் அருகே எகிப்தியப் படையைத் தாக்கிய நான்கு விமானங்களும் அங்கிருந்து வந்தவைதாம். அந்த ஆயுதங்கள் போரிட்ட மாதங்களில்தான் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. இதைச் சொல்லாமல் "தொடக்கம் முதலே" என்று எழுதுவது பொய். சொன்னால், பிறகு என்ன சொல்வது?

செங்காந்தள் எழுதியது:

தோழர் வடகரையான், நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனாலும் சோவியத் அரசின் வெளியுறவுக் கொள்கையையே இடதுசாரி நிலைப்பாடு என்று எடுத்துக்கொண்டால் கதை பாதியில் தொடங்கியதாகிவிடும். பிரிட்டனை மத்தியக் கிழக்கிலிருந்து வெளியேற்றுவது ஸ்டாலினின் கணக்கு. 1949-க்குள்ளேயே அந்தக் கணக்கு மாறத் தொடங்கிவிட்டது. யூதர்களின் நாடு என்ற கேள்வியை இடதுசாரிகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தீவிரமாகத் தர்க்கித்திருந்தார்கள்; தர்க்கித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள்.

1897 ஆகஸ்டில் பாசெல் நகரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிய இயக்கத்தின் முதல் மாநாடு கூடியது. இரண்டு மாதம் கழித்து வில்னாவில் யூதத் தொழிலாளர்களின் பொதுச் சங்கம் பிறந்தது. அதைத்தான் பூந்து என்பார்கள். புகையிலைத் தொழிலாளியும் தோல் பதனிடுபவரும் தையல்காரரும் எங்கோ ஒரு புனித பூமிக்குப் போவதால் விடுதலை பெறப் போவதில்லை, வாழும் ஊரிலேயே, பேசும் இத்திஷ் மொழியிலேயே, பக்கத்து வீட்டுப் போலந்துத் தொழிலாளியோடு சேர்ந்து போராடித்தான் பெற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. "இங்கேயே இருத்தல்" என்ற பொருளில் அவர்கள் அதற்கு வைத்த பெயர் தோயிகைட். லெனின் அவர்களோடு கடுமையாக மோதினார்; 1903-இல் அவர்கள் ரஷ்யக் கட்சியை விட்டு வெளியேறினார்கள். மோதல் அமைப்பைப் பற்றியது. சியோனியத்தை நிராகரிப்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. எதிர்ப்புறத்தில், மார்க்சியத்தையும் பாலஸ்தீனக் குடியேற்றத்தையும் இணைக்க முயன்ற பெர் போரோகோவின் போவாலே சியோன் கட்சியும் இடதுசாரிக் கட்சிதான். ஆகவே "இடதுசாரி நிலைப்பாடு" என்று ஒருமையில் பேசும்படி எக்காலத்திலும் இருந்ததில்லை.

பூந்து தோற்றது வாதத்தில் அன்று. 1938 டிசம்பரில் வார்சா மாநகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகள் வென்ற இருபது இடங்களில் பதினேழு பூந்துக்குக் கிடைத்தன. அந்தப் பதினேழு பேருக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டுக்குள் கொல்லப்பட்டுவிட்டார்கள். 1938 ஜூலையில், யூத அகதிகளை ஏற்பது பற்றிப் பேச எவியான் மாநாட்டில் கூடிய நாடுகள் ஏறத்தாழ எல்லாமே கைவிரித்தன. 1939-இல் பிரிட்டன் பாலஸ்தீனத்துக்குள் ஐந்தாண்டுக்கு 75,000 பேர் என்று எல்லை வகுத்தது. அமெரிக்காவின் கதவு 1924-இலேயே முக்கால்வாசி மூடப்பட்டிருந்தது. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சாச் சேரியில் நடந்த எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பூந்துக்காரர் மாரெக் எடெல்மன் போருக்குப் பின்னும் போலந்திலேயே தங்கி, மருத்துவராக வாழ்ந்து, 2009-இல் மறைந்தார். "இங்கேயே" என்ற சொல்லுக்குக் கடைசிவரை உண்மையாக இருந்தவர் அவர். ஆனால் அவரைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய முப்பது லட்சம் பேர் அங்கே இல்லை.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் சியோனியத்தை எதிர்த்த மார்க்சிய எழுத்தாளர் ஐசக் டாய்ச்சர், அந்த ஆண்டுகளில் தாம் யூதர்களைப் பாலஸ்தீனம் போகச் சொல்லியிருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும் என்று பின்னாளில் வருந்தினார். 1967 போருக்குப் பின் அவரே ஓர் உவமை சொன்னார். தீப்பிடித்த மாடியிலிருந்து ஒருவன் குதிக்கிறான். கீழே நின்ற இன்னொருவன் மேல் விழுந்து அவன் கைகால்களை முறித்துவிடுகிறான். குதித்தவனுக்கு வேறு வழியில்லை. முறிபட்டவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. உங்கள் வெளியீட்டில் இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல இடம் வையுங்கள்.

நெய்தல்நிலம் எழுதியது:

அந்த உவமையைப் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு அது போதவில்லை. தீயிலிருந்து குதித்தவன் விழுவது ஒரு கணம். பாலஸ்தீனத்தில் நடந்ததோ, நாஜிகள் ஆட்சிக்கு வருமுன்பே தொடங்கி, திட்டமிட்டு, ஏக்கர் ஏக்கராக, வேலை வேலையாக நடந்த மாற்றம். அதைச் செய்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் வலதுசாரிகள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செங்கொடியும் மே நாளும் கொண்டவர்கள்தாம் செய்தார்கள்.

1920-இல் ஹைஃபாவில் தொடங்கிய ஹிஸ்டாட்ரூட் தொழிற்சங்கக் கூட்டமைப்பு நாற்பது ஆண்டுக் காலம் அரபுத் தொழிலாளியை முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. யூத முதலாளியின் ஆரஞ்சுத் தோப்பில் அரபுக் கூலி வேலை செய்தால், "எபிரேய உழைப்பு" என்ற முழக்கத்தோடு வாசலில் மறியல் செய்தது. அந்த இயக்கத்திலேயே வளர்ந்த, தொழிலாளர் கட்சியான மாபாயின் தலைவர்களில் ஒருவரான தாவித் ஹகோஹென் 1969-இல் இதை மறைக்காமல் பேசினார். லண்டனில் மாணவராக இருந்தபோது, சங்கத்தில் அரபுகளை ஏன் சேர்ப்பதில்லை, அரபு விளைபொருளை வாங்காதே என்று பெண்களிடம் ஏன் சொல்கிறோம் என்பதையெல்லாம் சோசலிச நண்பர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது என்று நினைவுகூர்ந்தார். அரபு விவசாயியின் தக்காளியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றியதையும், சந்தையில் யூதப் பெண்கள் வாங்கிய அரபு முட்டைகளை உடைத்ததையும் சொல்லி, இவற்றை நியாயப்படுத்துவது எளிதாக இல்லை என்றார்.

உடைந்த அந்த முட்டைகளை நினைத்துப் பாருங்கள் தோழர்களே. கோழி வளர்த்து, கூடையில் வைக்கோல் போட்டு, விடியலில் நடந்துவந்து விற்றவள் ஒரு பாலஸ்தீனக் குடியானவப் பெண். அவளுக்கு எவியானைப் பற்றி எவர் சொல்லியிருப்பார்கள்? ஐரோப்பா செய்த குற்றத்துக்கான விலையை அவள் கூடையிலிருந்து வசூலித்தார்கள், அதுவும் சோசலிசத்தின் பெயரால். இதைக் குடியேற்றக் காலனியம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன். பிரெஞ்சு மார்க்சிய அறிஞர் மாக்சிம் ரோடின்சன் 1967-இல் சார்த்தரின் இதழில் எழுப்பிய கேள்வியும் இதுவே. அவரும் யூதர், பெற்றோரை அவுஷ்விட்ஸில் இழந்தவர்.

புதுவாசகன் எழுதியது:

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. யூதத் தொழிலாளர்களும் அரபுத் தொழிலாளர்களும் சேர்ந்து நின்ற நிகழ்வு ஒன்றுகூட இல்லையா?

வடகரையான் எழுதியது:

உண்டு தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் எங்கள் வெளியீட்டின் நடுப்பக்கம் இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஹைஃபா ரயில்வே பணிமனையில் இருபதுகளிலிருந்தே இரு தரப்பாரும் சேர்ந்து சங்கம் கட்ட மீண்டும் மீண்டும் முயன்றார்கள். 1946 ஏப்ரலில் டெல் அவிவ் அஞ்சல் ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பரவியது. அரபு எழுத்தரும் யூத எழுத்தரும், அரபுச் சுமைதூக்கியும் யூதச் சுமைதூக்கியும் ஒரே கோரிக்கைக்காக நின்றார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இரு தரப்பு தேசியத் தலைமைகளுக்கும் இது உவப்பாக இல்லை.

அதன் பின் இருபது மாதங்களே சென்றன. 1947 டிசம்பர் 30 காலையில் ஹைஃபா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் அன்றாடக் கூலிக்காகக் காத்து நின்ற அரபுத் தொழிலாளர்கள் மேல் இர்குன் என்ற யூத ஆயுதக் குழுவினர் ஓடும் வண்டியிலிருந்து குண்டு வீசினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே செய்தி பரவியதும், அரபுத் தொழிலாளர்கள் கையில் கிடைத்த கருவிகளோடு தங்கள் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த யூதத் தொழிலாளர்கள் மேல் பாய்ந்தார்கள். முப்பத்தொன்பது பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு, யூதச் சமூகத்தின் முதன்மை ஆயுத அமைப்பான ஹகானா படை, ஆலைத் தொழிலாளர்கள் பலர் குடியிருந்த பலத் அல்-ஷேக் ஊருக்குள் புகுந்து, வீடுகளிலிருந்து ஆண்களை இழுத்துவந்து சுட்டது. இறந்தவர் எத்தனை என்பதில் கணக்குகள் மாறுகின்றன. பல பத்துப் பேர் என்பதில் ஐயமில்லை.

இரண்டு தேசியங்களுக்கு நடுவே நின்ற சங்கம் ஒரே நாளில் இடிந்துவிடும் என்பதை நான் கற்றது இங்கேதான். எழுதும்போது கை நடுங்குகிறது.

மேகலை எழுதியது:

தோழர் நெய்தல்நிலம் கேட்ட கேள்விக்கு என் விடை, ஆம், அது குடியேற்றம்தான். தாயகம் என்று ஓடிப்போக வேறொரு நாடு இல்லாத மக்களின் குடியேற்றம். அல்ஜீரியாவிலிருந்து பிரெஞ்சுக்காரர் மார்செய்க்குக் கப்பலேறினார்கள். பாக்தாதிலிருந்தும் சனாவிலிருந்தும் விரட்டப்பட்டு வந்த யூதருக்கு எந்தக் கப்பல்? இன்று அங்கே எபிரேயம் பேசி, மூன்று நான்கு தலைமுறையாகப் பிறந்து வளர்ந்திருக்கும் மக்கள் ஒரு தேசிய இனம். அவர்களைத் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களைப் போலப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது.

அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1952 நவம்பரில் பிராகாவில், செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ஸ்லான்ஸ்கி மீதான வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பதினான்கு கம்யூனிஸ்டுகளில் பதினொருவர் யூதர்கள். "சியோனியச் சதிகாரர்கள்" என்ற பட்டத்தோடு விசாரிக்கப்பட்டார்கள். பதினான்கு பேரில் பதினொருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் இத்திஷ் எழுத்தாளர்களும் பாசிசத்தை எதிர்க்க யூதர்கள் அமைத்த குழுவினரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1968-இல் போலந்துக் கட்சி "சியோனியத்தை எதிர்க்கிறோம்" என்று சொல்லி நடத்திய இயக்கத்தில், மிஞ்சியிருந்த கொஞ்சம் யூதர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 13,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். போகும்போது அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பயணத் தாளில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்லர் என்று மட்டும் இருந்தது. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் கட்சிக்கு உழைத்தவர்கள். 1969 நவம்பர் 9 அன்று, 1938 யூத வேட்டையின் நினைவு நாளில், மேற்கு பெர்லின் யூதச் சமூகக் கூடத்தில் வெடிகுண்டு வைத்தது ஒரு தீவிர இடதுசாரிக் குழு. அது வெடிக்காமல் போனது தற்செயல். இவற்றில் எதனாலும் ஒரே ஒரு பாலஸ்தீன அகதி வீடு திரும்பவில்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, 250 பேர் அளவில் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டபோது, உடல்கள் எடுக்கப்படும் முன்பே அதை விடுதலைப் போரின் வெற்றி என்று பாராட்டி எழுதிய இடதுசாரிகளைப் பார்த்தேன். அன்று பெஎரி கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில்) கொல்லப்பட்டவர்களில் ஒருவர் விவியன் சில்வர். காசா மக்களோடு இணைந்து பல்லாண்டு பணியாற்றிய அமைதிச் செயற்பாட்டாளர். நோயுற்ற காசாவாசிகளை எல்லையிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துச் சென்றவர். அவருக்காக அழ முடியாத இடதுசாரியை என்னால் தோழர் என்று அழைக்க முடியவில்லை.

நெய்தல்நிலம் எழுதியது:

மேகலை அக்கா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. விவியன் சில்வருக்காக நானும் அழுதேன்.

ஆனால் அந்த நாளுக்குப் பின் நடந்ததையும் அதே குரலில் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தின்போது காசாவில் இறந்தோர் எண்ணிக்கை, அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 67,000-ஐத் தாண்டியிருந்தது. அதை எதிர்த்துப் பேசியவர்களை வாயடைக்க "யூத வெறுப்பு" என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தாராளமாகப் பயன்பட்டது என்பதையும் நாம் பார்த்தோம். இஸ்ரேலிய நாடாளுமன்ற உறுப்பினர் ஓஃபர் கசீஃப், கம்யூனிஸ்டுகள் தலைமையிலான ஹதாஷ் கூட்டணியைச் சேர்ந்த யூதர், தம் அரசின் போரை விமர்சித்ததற்காக 2023 அக்டோபரில் 45 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிரிட்டிஷ் தொழிற்கட்சியில் உண்மையிலேயே யூத வெறுப்பு இருந்ததை 2020-இல் சமத்துவ ஆணையம் ஆராய்ந்து, கட்சி சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பாலஸ்தீனக் கொடி பிடித்த கல்லூரிப் பிள்ளைகளையும் அதே கூடையில் போடுவதை ஏற்க மாட்டேன். எது வெறுப்பு, எது அரசியல் விமர்சனம் என்று பிரித்துக் காட்ட யூத அறிஞர்கள் பலரும் சேர்ந்து 2021-இல் எருசலேம் பிரகடனம் வெளியிட்டார்கள். அந்தப் பிரிப்பு நமக்கும் உதவும்.

எனக்குள்ள கேள்வி வேறு. மக்களுக்கு வாழும் உரிமை உண்டு, தன்னாட்சி உரிமையும் உண்டு. ஆனால் ஒரு மதத்தார் எப்போதும் பெரும்பான்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு உரிமை உண்டா? அந்தப் பெரும்பான்மையைக் காக்க அகதிகள் திரும்பாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த உரிமையின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

வல்லைவெளி எழுதியது:

ஈழத்தவன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று சொல்லலாமா அண்ணா. எங்களுக்குள் இந்தக் கேள்வி இரண்டு பக்கமாகவும் கிழிபட்டிருக்கிறது. ஈராயிரம் ஆண்டு அலைந்தவர்களுக்கு ஒரு நாடு கிடைத்ததே, எங்களுக்குக் கிடைக்காதா என்று இஸ்ரேலை ஏக்கத்தோடு பார்த்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். அதே காலத்தில் ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தின் இளைஞர்கள் லெபனானில் பாலஸ்தீன இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்றார்கள். 1984-இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டு, இலங்கைப் படைக்கு உதவி வந்தபோது ஏக்கத்தோடு பார்த்தவர்கள் கசந்துபோனார்கள். அரசு சிங்களவரைக் குடியேற்றிய கல்லோயாத் திட்டம் முதல், குடியேற்றம் என்றால் என்னவென்று எங்கள் கிழக்கு மாகாணத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாடற்றிருப்பது என்னவென்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டும் தெரிந்த நாங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துப் பேசுவது பிழை என்று நினைக்கிறேன். அவ்வளவுதான். உங்கள் பேச்சைத் திசைதிருப்ப விரும்பவில்லை.

செங்காந்தள் எழுதியது:

திசைதிருப்பவில்லை தம்பி. நீங்கள் சொன்ன "இரண்டும்" என்பதை அன்றாட அரசியலாக வாழ்ந்து காட்டிய இருவரைப் பற்றி எழுதவே திரும்பி வந்தேன்.

மெயிர் வில்னர் வில்னாவில் பிறந்த யூதர். 1948 மே 14 அன்று இஸ்ரேலின் விடுதலைப் பிரகடனத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கையெழுத்திட்டவர். தௌஃபீக் தூபி ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனர். மக்கள் விரட்டப்பட்டபோதும் அங்கேயே இருந்தவர். 1943-இல் அரபு, யூத உறுப்பினர்கள் பிரிந்துபோன கட்சி, 1948 அக்டோபரில் மீண்டும் ஒன்றானது. குறையே இல்லாத கட்சி என்று சொல்ல மாட்டேன். மாஸ்கோ பிரிவினையை ஆதரித்ததும் இவர்களும் ஆதரித்தார்கள். அதன் பொதுச் செயலாளர் மிகுனிஸ் கிழக்கு ஐரோப்பாவில் இஸ்ரேலுக்காக ஆயுதமும் ஆளும் திரட்டினார். வடகரையான் சொன்ன விமானங்களின் நிழல் இவர்கள் மேலும் விழுகிறது. ஆனால் அதன் பின் இவர்கள் செய்ததையும் பாருங்கள்.

1948 முதல் 1966 வரை இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள். 1956 அக்டோபர் 29, சூயஸ் போர் தொடங்கிய நாள். கஃபர் காசிம் ஊர்த் தலைவரிடம் மாலை நாலரை மணிக்கு வந்து, ஐந்து மணி முதல் ஊரடங்கு என்றார்கள். நானூறு பேர் அளவில் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் வெளியூரிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், அரை மணியில் அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஐந்து மணிக்குப் பிறகு சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் லாரியிலும் வீடு திரும்பியவர்களை எல்லைக் காவல் படையினர் ஊர் நுழைவாயிலில் நிறுத்தி, இறக்கி, வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். 48 பேர், அவர்களில் 23 பேர் பதினேழு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். ஒரு தாயின் வயிற்றில் இருந்த பிள்ளையையும் சேர்த்து ஊரார் 49 என்று எண்ணுகிறார்கள்.

தணிக்கை செய்தியை மூடியது. ஊரைச் சுற்றிப் படை நின்றது. தூபியும் வில்னரும் உள்ளே போய், பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். தூபி அவற்றை அறிக்கையாக்கிச் சுற்றுக்கு விட்டார். வழக்கு நடந்தது, தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். படைப்பிரிவுத் தளபதிக்கு விதிக்கப்பட்ட தண்டம் வெறும் ஒரு சல்லிக் காசு. இருந்தாலும், வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளைக்குப் படைவீரன் கீழ்ப்படியக் கூடாது என்ற தீர்ப்பு அந்த வழக்கிலிருந்துதான் வந்தது.

1965-இல் கட்சி மீண்டும் உடைந்தபோதும் இந்த இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். 1967 போரை எதிர்த்த வில்னரை அதே ஆண்டு அக்டோபரில் ஒருவன் கத்தியால் குத்தினான், பிழைத்துக்கொண்டார். பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் வளர்ந்ததும் இந்தக் கட்சியின் பத்திரிகைகளில்தான். இரண்டு மக்கள், இரண்டு நாடுகள் என்று இவர்கள் சொன்னபோது இஸ்ரேலில் துரோகிகள் என்றார்கள், அரபு நாடுகளிலும் துரோகிகள் என்றார்கள். 1988-இல் அல்ஜியர்ஸில் பாலஸ்தீன விடுதலை இயக்கமே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பிரகடனத்தை எழுதியவர் தர்வீஷ்.

நெய்தல்நிலம் எழுதியது:

தூபியையும் வில்னரையும் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் இஸ்ரேலிய இடதுசாரிகள் என்றால் அவர்கள் மட்டும் அல்லரே. அவர்களைவிடப் பல மடங்கு பெரியது இடது சியோனியர்களின் மாபாம் கட்சி. 1949 தேர்தலில் பத்தொன்பது இடம் பெற்றது. அதன் ஹஷோமெர் ஹத்சயீர் பிரிவு 1947 வரை ஒரே நாட்டில் இரு தேசியங்கள் என்று பேசியது. பிறகு நடந்ததற்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன்.

லெபனான் எல்லையில் கஃபர் பிர்இம் என்று ஒரு மாரோனைட் கிறித்தவ ஊர். படையை எதிர்க்காத ஊர். 1948 நவம்பரில் இரண்டு வாரம் வெளியே இருங்கள், பிறகு திரும்பலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். 1949-இல் அதன் நிலத்தில் பர்அம் என்ற கிப்புட்ஸ் எழுந்தது. எழுப்பியவர்கள் மாபாமைச் சேர்ந்த சோசலிச இளைஞர்கள். ஊரார் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 1953 செப்டம்பர் 16 அன்று விமானப்படை ஊரின் மேல் குண்டு போட்டது. எதிரே இருந்த குன்றிலிருந்து ஊரார் தங்கள் வீடுகள் விழுவதைப் பார்த்தார்கள். தேவாலயம் மட்டும் நின்றது. இன்றும் அங்கே அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் திருமணம் நடக்கிறது. திருமணம் முடிந்ததும் எல்லோரும் வெளியேற வேண்டும். அவர்கள் இஸ்ரேலியக் குடிமக்கள், வாக்குரிமை உள்ளவர்கள். அவர்களையே திரும்ப விடாத அரசு, லெபனான் முகாமில் இருப்பவரை எப்படி விடும்? அகதிகள் வீடு திரும்ப அனுமதிக்க வேண்டும் என்ற ஐ.நா.வின் 194-ஆம் தீர்மானம் 1948 டிசம்பர் 11 முதல் அப்படியே கிடக்கிறது.

இரு நாட்டுத் தீர்வு என்று சொல்வதில் எனக்கு வரும் தயக்கம் இதுதான். எல்லைக் கோட்டைப் பற்றிப் பேசிப் பேசி, பிர்இம் ஊராரைப் பேச்சிலிருந்தே நீக்கிவிடுகிறோம்.

மேகலை எழுதியது:

நீக்கக் கூடாது. திரும்பும் உரிமையை ஏற்காத இடதுசாரிக் கொள்கையை நானும் ஏற்கவில்லை. ஆனால் திரும்பி வருகிறவரும், அங்கே இப்போது பிறந்து வாழ்கிறவரும் ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லுங்கள். "கடலுக்குள் தள்ளுவோம்" என்ற குரல் ஒருநாள் உண்மையிலேயே ஒலித்ததால், இதை நாம் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அது நமக்குச் சுமையாகத் தோன்றலாம். கேட்கிறவர் பாட்டியின் சகோதரிகள் திரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலை முகாமில் இறந்திருந்தால், அது அவருக்குச் சுமை அன்று.

வடகரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு உட்கார்ந்து முதல் பத்தியைத் திருத்தி எழுதினேன். இங்கே ஒட்டுகிறேன்:

"யூதர்களின் நாடு பற்றி உலக இடதுசாரிகள் ஒரே கருத்தில் இருந்ததில்லை. அதை எதிர்த்த யூதத் தொழிலாளர் கட்சியின் மக்களை நாஜிகள் அழித்தார்கள். அவர்களைக் காக்க ஏறத்தாழ எந்த நாடும் முன்வரவில்லை. அதை ஆதரித்த சோசலிசவாதிகள் பாலஸ்தீனத் தொழிலாளியைத் தங்கள் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். சோவியத் ஒன்றியம் 1947-இல் பிரிவினைக்கு வாக்களித்தது, 1948-இல் ஆயுதம் செல்ல இசைந்தது, பின்னர் சியோனிய எதிர்ப்பு என்ற பெயரில் யூதக் கம்யூனிஸ்டுகளைக் கொல்லவும் செய்தது. பாலஸ்தீனர்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பவும், தங்கள் நாட்டில் தாமே ஆளவும் உள்ள உரிமையை நாங்கள் நிபந்தனையின்றி ஆதரிக்கிறோம். இன்று அங்கே வாழும் யூத மக்கள் அச்சமின்றிச் சமவுரிமையோடு வாழும் உரிமையையும் அவ்வாறே ஆதரிக்கிறோம்."

நடுப்பக்கத்தில் 1946 வேலைநிறுத்தமும் கஃபர் காசிமும் வருகின்றன. தோழர் நெய்தல்நிலம், உங்கள் ஒப்புதல் வேண்டும்.

நெய்தல்நிலம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. "தங்கள் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினார்கள்" என்பதோடு "தங்கள் நிலத்திலிருந்தும் வெளியேற்றினார்கள்" என்பதையும் சேருங்கள். கடைசிப் பக்கத்தில் பிர்இம் ஊருக்கு நான்கு வரியாவது இடம் கொடுங்கள்.

வடகரையான் எழுதியது:

"தங்கள்" என்று இரண்டாம் முறை வந்தால் நிலம் யாருடையது என்பதில் குழப்பம் வரும். "அவர்கள் உழுத நிலத்திலிருந்தும்" என்று போடுகிறேன். பிர்இமுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்; எழுதித் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது.